குழந்தையின் வளர்ச்சியில் தாமதமா? எந்த மரபணுப் பரிசோதனை, எப்போது, எதற்கு?

டெல்லியில் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பல பெற்றோரின் கையில் இரண்டு காகிதங்கள் இருக்கும். ஒன்று மூளையின் எம்.ஆர்.ஐ. அறிக்கை. இன்னொன்று மரபணுப் பரிசோதனைக்கான சீட்டு. அன்று இரவு இணையத்தில் தேடினால் கேரியோடைப், மைக்ரோஅரே, எக்ஸோம், ஜீனோம் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். விலை சில ஆயிரத்தில் தொடங்கி பல பத்தாயிரம் வரை போகும். "இருக்கறதுலயே பெரிய டெஸ்ட்டா எடுத்துடலாம், எல்லாம் தெரிஞ்சுடும்ல" என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் எல்லாவற்றையும் பார்க்கும் டெஸ்ட் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வியைச் சரியாகக் கேட்காமல் எடுத்தால் பணம் மட்டுமல்ல, குழந்தையின் காலமும் வீணாகும்.

வளர்ச்சித் தாமதம் என்று எதைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலான குழந்தைகள் 9 மாதத்துக்குள் பிடிமானம் இல்லாமல் உட்காருவார்கள், 18 மாதத்துக்குள் தனியாக நடப்பார்கள். ஒரு படி கொஞ்சம் தள்ளிப்போவது வேறு விஷயம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உடல் அசைவு, கை வேலை, பேச்சு, பழகும் விதம், புரிந்துகொள்ளும் திறன் ஆகியவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் குறிப்பிடத்தக்க பின்னடைவு இருந்தால், அதை ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

இது அரிதான பிரச்சினை இல்லை. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இன்க்லென் அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் ஹரியாணாவின் பல்வல் உட்பட நாட்டின் 5 இடங்களில் 2 முதல் 9 வயது வரையிலான 3,964 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஆய்வு 2018-ல் வெளியானது. பார்வை, செவித்திறன், வலிப்பு, பேச்சு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளிட்டவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்த 2 முதல் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விகிதம், இடத்துக்கு இடம் 2.9% முதல் 18.7% வரை இருந்தது. 6 முதல் 9 வயதில் இது 6.5% முதல் 18.5% வரை.

எல்லாமே மரபணுக் கோளாறா?

இல்லை. பிரசவத்தின்போது மூச்சுத்திணறல், குறைமாதம், எடைக்குறைவு, பிறந்த பிறகு வந்த மூளைத்தொற்று ஆகியவையும் இந்தப் பாதிப்புகளோடு தொடர்புடையவை என்று அதே ஆய்வு காட்டியது. கர்ப்ப காலத்தில் தாக்கும் சி.எம்.வி. வைரஸ்கூட மூளையின் மடிப்புகளை மாற்றிவிடும். எம்.ஆர்.ஐ.-யில் அது மரபணுக் கோளாறு போலவே தெரியலாம்.

அதனால் மரபணுவுக்குப் போகும் முன் மருத்துவர்கள் சில எளிய விஷயங்களைப் பார்ப்பார்கள். காது கேட்கிறதா? கண் தெரிகிறதா? தைராய்டு அளவு என்ன? பி12 போதுமா? பி12 குறைவாக உள்ள தாயின் பாலை மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு, கற்ற திறன்கள்கூட பின்னோக்கிப் போகலாம். இதற்குத் தேவை பி12 மருந்து, எக்ஸோம் இல்லை. சில நூறு ரூபாயில் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமல் பல ஆயிரம் ரூபாய் டெஸ்ட்டுக்குத் தாவுவதுதான் முதல் தவறு.

எந்த டெஸ்ட் எதைப் பார்க்கும்?

நம் மரபணுத் தொகுப்பை 46 பாகங்கள் கொண்ட ஒரு வாக்காளர் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம்.

கேரியோடைப்: பாகங்கள் 46-ம் இருக்கின்றனவா, ஒன்று கூடவோ குறையவோ இருக்கிறதா, பாதிப் பாகம் இடம் மாறி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும். டவுன் சிண்ட்ரோம் என்று சந்தேகித்தால் இதுவே போதும்.

மைக்ரோஅரே: ஒரு தெருவின் பக்கங்கள் மொத்தமாகக் காணாமல் போயிருந்தாலோ, இருமுறை அச்சாகியிருந்தாலோ கண்டுபிடிக்கும். கேரியோடைப்பின் கண்ணுக்குத் தப்பும் சிறிய துண்டுகளையும் இது பிடிக்கும்.

எக்ஸோம்: புரதம் தயாரிக்கும் குறிப்புகள் உள்ள பக்கங்களை மட்டும் எடுத்து, எழுத்து எழுத்தாகப் படிக்கும். மொத்தத் தொகுப்பில் இந்தப் பக்கங்கள் 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் இதுவரை அறியப்பட்ட நோய்ப் பிறழ்வுகளில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன.

ஜீனோம்: முழுப் பட்டியலையும் படிக்கும். விலை அதிகம், புரிந்துகொள்ள முடியாத தகவலும் அதிகம்.

சரி, எது எதைத் தவறவிடும்? ஃப்ராஜைல் எக்ஸ் என்பது பரம்பரையாக வரும் அறிவுத்திறன் குறைபாட்டுக்கு முக்கியமான காரணம். இதில் ஒரே மூன்று எழுத்து 200 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். வழக்கமான மைக்ரோஅரேயும் எக்ஸோமும் இதைப் பிடிக்காது. இதற்கென்று தனி டெஸ்ட் வேண்டும். ஏஞ்சல்மேன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்கு எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கும். பட்டியலில் பெயர் இருந்தும் அதன் மேல் 'நீக்கம்' என்று முத்திரை குத்தியதுபோல, அந்தப் பகுதி வேலை செய்யாமல் அணைந்திருக்கும். இதற்கு மெத்திலேஷன் டெஸ்ட் தேவை. எனவே "எக்ஸோம் நார்மல்" என்ற வரிக்கு "மரபணுக் கோளாறு இல்லை" என்று அர்த்தம் இல்லை.

100 குழந்தைகளை டெஸ்ட் செய்தால் எத்தனை பேருக்கு விடை?

டவுன் சிண்ட்ரோம் போன்று பார்த்ததுமே ஊகிக்கக்கூடியவற்றைத் தவிர்த்தால், கேரியோடைப்பில் 100-ல் சுமார் 3 பேருக்குத்தான் விடை கிடைக்கும். மைக்ரோஅரேயில் இது 15 முதல் 20. மொத்தம் 21,698 பேரின் தரவைத் தொகுத்த 2010-ம் ஆண்டு ஆய்வு தந்த எண்கள் இவை. மைக்ரோஅரே முதல் நிலைப் பரிசோதனை ஆனது இந்த ஆய்வுக்குப் பிறகுதான்.

எக்ஸோம் பற்றிய 30 ஆய்வுகளை ஒன்றாக எடுத்துப் பார்த்த 2019-ம் ஆண்டு ஆய்வில் சராசரி 36. வளர்ச்சிப் பிரச்சினையோடு உடலின் வேறு பகுதிகளிலும் பாதிப்பு இருந்த குழந்தைகளில் 53. அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2021-ல் எக்ஸோம் அல்லது ஜீனோமை முதல் அல்லது இரண்டாம் நிலையிலேயே செய்யலாம் என்று பரிந்துரைத்ததற்கு இதுதான் பின்னணி.

இவை தனித்தனி ஆய்வுகளின் எண்கள், ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்தில் 13,449 குழந்தைகளைக் கொண்டு நடந்த டி.டி.டி. ஆய்வில் 5,502 பேருக்கு, அதாவது 41% பேருக்கு விடை கிடைத்தது. அவ்வளவு பெரிய முயற்சிக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் விடை இல்லாமல்தான் வீடு திரும்பின. டெஸ்ட்டுக்குப் பணம் கட்டும் முன் இந்த எண் மனதில் இருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஏன் வழிகாட்டி?

வட இந்தியாவில் நன்கு பதிவான ஒரு நோய் இதற்கு நல்ல உதாரணம். மும்பையைச் சேர்ந்த நரம்பியல் நிபுணர் பீம் சென் சிங்கால் குழுவினர் 1990-களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். முதல் வயதிலேயே குழந்தைகளின் தலை பெரிதாகிறது. நடை தாமதமாகிறது, பிறகு தள்ளாடுகிறது. வலிப்பும் வருகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையின் வெண்பொருள் முழுக்க வீங்கியிருக்கிறது, பொட்டுப் பகுதிக்கு உள்ளே நீர்க்கட்டிகள் தெரிகின்றன. படத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் குழந்தை அந்த அளவுக்கு மோசமாக இருக்காது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அகர்வால் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

நெதர்லாந்தின் மார்யோ வான் டெர் நாப் 1995-ல் இதே நோயை விவரித்தார். சுருக்கமாக எம்.எல்.சி. என்கிறார்கள். 2001-ல் இதற்குக் காரணமான எம்.எல்.சி.1 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அகர்வால் சமூகக் குழந்தைகளில் இந்த மரபணுவில் ஒரே இடத்தில், ஒரே பிறழ்வு இருக்கிறது என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. பல தலைமுறைக்கு முன் வாழ்ந்த யாரோ ஒருவரிடமிருந்து, சமூகத்துக்குள்ளேயே நடந்த திருமணங்கள் வழியாக அது இறங்கி வந்திருக்கிறது.

இதன் நடைமுறைப் பலன் என்ன? தலை பெரிதாக இருந்து, எம்.ஆர்.ஐ. இப்படித் தெரிந்து, குடும்பப் பின்னணியும் பொருந்தினால், 20,000 மரபணுக்களைத் தேட வேண்டியதில்லை. அந்த ஒரு பிறழ்வை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, காத்திருப்பும் குறைவு.

இன்னொரு விஷயமும் உண்டு. இதே மாதிரியான எம்.ஆர்.ஐ. படம், கிளியால்கேம் என்ற வேறொரு மரபணுவாலும் வரலாம் என்று 2011-ல் தெரியவந்தது. அதில் ஒரு வகையில், குழந்தை வளர வளர எம்.ஆர்.ஐ.-யும் நடையும் மேம்படுகின்றன. ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு படங்கள் இரண்டு வேறு எதிர்காலங்களுக்குப் போகின்றன. எது என்று சொல்வது மரபணுதான். எம்.எல்.சி. உள்ள சில குழந்தைகளுக்குச் சின்னத் தலையடிகூட நிலைமையை மோசமாக்கும். நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லாவிட்டாலும், தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிவதே பெரிய விஷயம்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி இல்லையே?"

மருத்துவமனைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பல வீடுகளில் இது தாயைக் குற்றம் சாட்டும் கேள்வியாகவும் மாறுகிறது. தரவு சொல்வது வேறு. டி.டி.டி. ஆய்வில் தாய், தந்தை, குழந்தை மூவரும் பரிசோதிக்கப்பட்டு விடை கிடைத்தவர்களில், சுமார் 76% பேரின் பிறழ்வு பெற்றோர் இருவரிடமும் இல்லாதது. அந்தக் குழந்தையில் புதிதாகத் தோன்றியது. யாருடைய சாப்பாடோ பழக்கமோ காரணம் இல்லை. அடுத்த குழந்தைக்கும் அதே பிரச்சினை வரும் வாய்ப்பு பொதுவாகச் சுமார் 1% என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தியாவில் இரண்டாவது வகையும் முக்கியம். பெற்றோர் இருவரும் ஒரே மரபணுவில் தலா ஒரு பிழையோடு, எந்த அறிகுறியும் இல்லாமல் வாழ்வார்கள். அவர்கள் கேரியர்கள். இரண்டு பிழைகளும் ஒரே குழந்தையில் சேர்ந்தால்தான் நோய். எம்.எல்.சி.1 இந்த வகை. இதில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25%.

சாதிக்குள்ளேயே திருமணம், சொந்தத்தில் திருமணம் இரண்டும் இந்த வகையின் வாய்ப்பைக் கூட்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி உறவுக்குள் திருமணம் இந்திய அளவில் 11%, தமிழ்நாட்டில் 28%. நாட்டிலேயே அதிகம் இதுதான். அகர்வால் சமூகத்தின் கதையை 'அவங்க பிரச்சினை' என்று நாம் ஒதுக்க முடியாது. அக்கா மகள், மாமன் மகன், அத்தை மகள் என்று கட்டிக்கொடுத்த குடும்பங்களில் இருந்து வருபவர்கள் அந்த விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். மறைக்க வேண்டிய தகவல் இல்லை அது. எந்த டெஸ்ட், எந்த வகை மரபணு என்பதையே அது மாற்றும்.

1% என்பதும் 25% என்பதும் ஒரே 'மரபணுக் கோளாறு' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு எண்கள். எது நம்முடையது என்று டெஸ்ட் இல்லாமல் தெரியாது.

ரிப்போர்ட்டில் 'வி.யு.எஸ்.' என்று வந்தால்?

முக்கியத்துவம் உறுதியாகாத மாறுபாடு என்று பொருள். ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அதுதான் நோய்க்குக் காரணமா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. இது நோய் உறுதியானதாக ஆகாது. இதை மட்டும் வைத்து அடுத்த கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது.

இந்தியர்களுக்கு இந்த வரி வருவதற்கு ஒரு குறிப்பிட்ட காரணமும் உண்டு. ஒரு மாறுபாடு ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுகிறதா என்று பார்க்க ஒப்பீட்டுத் தரவு வேண்டும். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம். டெல்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.-ஐ.ஜி.ஐ.பி. நிறுவனம் 2019-ல் இண்டிஜென் திட்டத்தில் ஆரோக்கியமான இந்தியர்களின் முழு ஜீனோமைப் படித்தது. 1,029 பேரிடம் 5.5 கோடிக்கும் அதிகமான மாறுபாடுகள் கிடைத்தன. அவற்றில் சுமார் 32% உலகத் தரவுத்தளங்களில் அதுவரை இல்லாதவை. நமக்குச் சாதாரணமான ஒன்று, வெளிநாட்டுத் தரவோடு ஒப்பிடும்போது அபூர்வமாகவும் சந்தேகத்துக்குரியதாகவும் தெரியும் என்பதே இதன் அர்த்தம்.

அடுத்த கட்டமாக ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் தரவு சேகரிக்கப்பட்டு, 2025 ஜனவரி 9 அன்று ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அது டெல்லியை ஒட்டிய ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. இப்படித் தரவு கூடக் கூட, இன்றைய வி.யு.எஸ். நாளை உறுதியான விடையாகவோ, தள்ளிவிட வேண்டியதாகவோ மாறலாம். அதனால்தான் ஓரிரு ஆண்டு கழித்து அதே தரவை மறு ஆய்வு செய்யச் சொல்கிறார்கள். புதிதாக ரத்தம் எடுக்கத் தேவையில்லை.

பெயர் தெரிந்து என்ன பயன்?

முதல் பயன், சிகிச்சை. பெரும்பாலான மரபணுக் காரணங்களுக்கு இன்று நேரடி மருந்து இல்லை. ஆனால் இருக்கும் சிலவற்றைத் தவறவிடுவது பெரும் இழப்பு. பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை. ஒரு வகை வலிப்புக்கு வைட்டமின் பி6. மூளைக்குள் குளுக்கோஸ் போவதைத் தடுக்கும் குளூட்1 குறைபாட்டுக்கு, கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவுமுறை. இவையெல்லாம் சீக்கிரம் தொடங்கினால்தான் முழுப் பலன்.

இரண்டாவது, அடுத்த கர்ப்பம். பிறழ்வு உறுதியானால், 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவையோ, 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்கலாம். முன்மகப்பேறு பரிசோதனைச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற மையங்களில்தான் இதைச் செய்ய முடியும். பாலினத்தைச் சொல்வது குற்றம். 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட பிரிவினருக்கு 24 வாரம் வரை அனுமதி. அதற்குப் பிறகு, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் மட்டுமே.

இதில் கணக்கு எளிது. எக்ஸோம் ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகும். பெற்றோருக்கு உறுதிப்படுத்தும் டெஸ்ட்டுக்கு இன்னும் சில வாரங்கள். கர்ப்பமான பிறகு முதல் குழந்தைக்கு டெஸ்ட் எடுத்தால் காலண்டர் துரத்தும். இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன்பே முதல் குழந்தைக்கான விடையைத் தேடுவது நல்லது.

மூன்றாவது, தேடலுக்கு ஒரு முடிவு. டாக்டர் மாற்றி டாக்டர், திரும்பத் திரும்ப ஸ்கேன் என்று அலைவது அதோடு நிற்கும்.

எங்கே போவது? எவ்வளவு ஆகும்?

தனியாரில் எக்ஸோம் பொதுவாக 20,000 ரூபாயை ஒட்டித் தொடங்கும். ஆய்வகத்தைப் பொறுத்தும், பெற்றோரையும் சேர்த்துச் செய்வதைப் பொறுத்தும் கூடும். பெரும்பாலான காப்பீட்டு பாலிசிகள் புறநோயாளியாகச் செய்யும் டெஸ்ட்டுகளுக்குப் பணம் தருவதில்லை.

அரசு வழிகளும் உண்டு. தேசியச் சிறார் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. 2013 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறிகிறது. இதன் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் மதிப்பீடும் பயிற்சி சிகிச்சையும் கிடைக்கும். 2021-ம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி டெல்லியில் எய்ம்ஸ், மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி இரண்டும் சிறப்பு மையங்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் பின்னர் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019-ல் தொடங்கிய உம்மீத் திட்டத்தில் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு மையம் கிடைத்தது.

கொள்கையின் கீழ் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. ஆனால் அது பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும். வளர்ச்சித் தாமதத்துக்குக் காரணமான பல மரபணு நோய்கள் அதில் இல்லை. 2024 அக்டோபர் 4 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், அரிய நோய்களுக்கான தேசிய நிதியை உருவாக்கி 2024-25, 2025-26 ஆண்டுகளுக்கு 974 கோடி ரூபாய் ஒதுக்க உத்தரவிட்டது. இந்த வழிகளில் எதை அணுகவும் முதலில் வேண்டியது நோயின் பெயர். பெயர் தருவது டெஸ்ட்.

சீட்டில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த டெஸ்ட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இது எதைத் தவறவிடும்?
2. குழந்தைக்கு மட்டுமா, எங்கள் இருவருக்கும் சேர்த்தா? மூவரையும் பார்த்தால் பிறழ்வு புதியதா, பரம்பரையா என்று உடனே தெரியும்.
3. ஆய்வகத்துக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையும் அறிகுறிகளின் முழுப் பட்டியலும் போகிறதா? 'வளர்ச்சித் தாமதம்' என்று இரண்டு வார்த்தை மட்டும் எழுதி அனுப்பினால் தேடல் பலவீனமாகும்.
4. தேடாத ஒன்று, உதாரணமாகப் பெற்றோரில் ஒருவருக்குப் புற்றுநோய் ஆபத்து, தெரியவந்தால் சொல்வீர்களா? அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு விருப்பமா?
5. ரிப்போர்ட்டை யார் விளக்குவார்? டெஸ்ட்டுக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசனை உண்டா?
6. மூலத் தரவு கிடைக்குமா? மறு ஆய்வுக்கு அது தேவைப்படும். பி.டி.எஃப். மட்டும் போதாது.

ரிப்போர்ட் வரும் வரை?

பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, தொழில்வழி சிகிச்சை ஆகியவற்றை இன்றே தொடங்கலாம். எந்த மரபணு என்று தெரிந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதல் சில ஆண்டுகளில்தான் மூளை மிக வேகமாகக் கற்கிறது. ரிப்போர்ட் இரண்டு மாதம் தாமதமாக வரலாம், பரவாயில்லை. பயிற்சியை அப்படித் தள்ளிப்போட முடியாது.